கலைந்ததும் கலைத்ததும்

மூன்று மொழி தெரிந்தவருக்கு மூன்று பக்கத்தாலும் திட்டு விழும். அதற்குப் பெயர்தான் உரைபெயர்ப்பாளர் வேலை. சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் காதால் வாங்கித் தமிழாக வாயால் விடுகிற என் சக பாவப்பட்டவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

காஸும் பெட்ரோலும் இல்லாமல் நாடே தெருவில் நின்ற அந்த வருடம், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் அமைப்பு என்னைக் கூப்பிட்டது. கருக்கலைப்பு உரிமை பற்றி அமெரிக்காவில் பெரிய தீர்ப்பு ஒன்று வரப்போகிறது, அது என்னவென்று எங்கள் பெண்களுக்கும் விளங்க வேண்டும், ஒரு கைநூலும் ஒரு கூட்டமும் உங்கள் பொறுப்பு என்றார்கள். எனக்கு 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் எந்த மொழியிலும் சரியாக வராது.

துவக்கு லைசன்ஸ்

விஷயம் இதுதான். அங்கே சில மாநிலங்கள் தடைச் சட்டத்தை முன்கூட்டியே எழுதி, நிறைவேற்றி, எடுத்து வைத்திருந்தன. தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக வந்தால் அந்தச் சட்டம் உடனேயோ கொஞ்ச நாளிலோ நடைமுறைக்கு வந்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் 'ட்ரிகர் லோ' என்று பெயர். ட்ரிகர் என்றால் துப்பாக்கியின் விசை என்று அகராதி சொன்னது. நானும் நம்பி 'விசைச் சட்டம்' என்று போட்டேன். பந்திக்குப் பந்தி விசை.

கொட்டாஞ்சேனையில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற சேவியர் அண்ணனிடம் கோப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. முன்னட்டைக்கு ஒரு படம் தேடி எடுத்துவிட்டேன், பாருங்கள் என்றார். பார்த்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பளபளவென்று ஒரு கைத்துப்பாக்கி. இது என்ன அண்ணன் என்று அலறினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "ஏன் மிஸ், இது துவக்கு லைசன்ஸ் எடுக்கிற புத்தகம் இல்லையா?"

தாய்மார் நலம்

கூட்டத்துக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் கிடைத்தது. ஆனால் 'கருக்கலைப்பு' என்ற சொல்லை வாசலில் ஒட்டினால் மண்டபம் தரமாட்டேன் என்று அதன் பொறுப்பாளர் ஒற்றைக் காலில் நின்றார். சரி என்று 'தாய்மார் நலக் கூட்டம்' என்று எழுதி ஒட்டினோம். அந்த உரிமை இல்லை என்று அமெரிக்காவில் தீர்ப்பு வந்து ஒரு வாரம் கழித்துக் கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், பாதிப் பேரின் இடுப்பில் குழந்தை, கையில் கிளினிக் கார்ட். எல்லோரும் பிள்ளை நிறுக்கிற தராசைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றை நான் உருக்கமாகத் தமிழில் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் ஒரு தாய் கையைத் தூக்கினார். முதல் கேள்வி! ஆவலோடு ஒலிவாங்கியை நீட்டினேன். "எல்லாம் சரி மிஸ், பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா எத்தனை மணிக்குக் குடுப்பீங்க?"

வரிசை

விசை பட்ட பாட்டுக்குப் பிறகு நான் அந்தச் சொல்லைக் கைவிட்டிருந்தேன். "இந்தச் சட்டம் நேற்று எழுதினது இல்லை. எழுதி முடிச்சு, தீர்ப்பு வரட்டும் எண்டு வரிசையில காத்துக்கொண்டு நிண்டது" என்று மேடையில் விளக்கினேன். வரிசை என்ற சொல்லைக் கேட்டதுமே மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த வருடம் எங்களுக்கு அதைவிட நன்றாகப் புரிந்த சொல் வேறு இல்லை.

மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த பர்வீன், வெறும் காஸ் சிலிண்டரைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டே கூட்டம் கேட்டவர். வழியில் எங்காவது காஸ் லொறி வந்தால் ஓட வேண்டுமாம். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "அந்தச் சட்டத்துக்கு லைன் முடிஞ்சிட்டு மிஸ், எங்களுக்குத்தான் இன்னும் முடியல்ல."

கப்சா

எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றாள். செல்வராணி என்று பெயர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, கிராண்ட்பாஸில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவள். மூன்று மாதக் கரு போய்விட்டதாம், இரத்தம் இன்னும் நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தீர்ப்பு வந்ததும் சட்டம் வந்துவிட்டது, இனிப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். "அந்தச் சட்டம் நம்ம ஆஸ்பத்திரிக்கும் வந்துருச்சுங்களா மிஸ்?" என்றாள். அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே இருப்பது வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய வேறு சட்டம், அதிலும் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் கலைத்தால்தான் குற்றம், தானாகக் கலைந்தது குற்றமே இல்லை என்று சொன்னேன். அவள் கணவன் பெட்ரோலுக்கு நின்றுகொண்டிருந்தான். நானே ஓட்டோக்காரர் ஒருவரைக் கெஞ்சி அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் சிங்கள நேர்ஸ் அன்பாகத்தான் கேட்டார்: "கப்சாவக்த?" சிங்களத்தில் கப்சா என்றால் கருச்சிதைவு, கலைந்தாலும் அதே சொல், கலைத்தாலும் அதே சொல். தமிழில் கப்சா என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். நான் வாயைத் திறக்குமுன் செல்வராணி தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டாள்: "கப்சா இல்லீங்க சிஸ்டர், நெசமாத்தான் சொல்றேன்!"

ஒரு எழுத்து

நேர்ஸுக்கு விளக்கியதும் அவர் சிரித்து, அவளைத் தட்டிக்கொடுத்துக் கட்டிலில் ஏற்றினார். கண்டம் தாண்டியது என்று நினைத்தேன். அப்போது இளம் டொக்டர் ஒருவர் வந்தார். சிங்களவர். அரச ஊழியர் தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறாராம். நீங்கள் சும்மா இருங்கள், நானே தமிழில் கேட்கிறேன் என்று எனக்குக் கை காட்டிவிட்டார். பிறகு குனிந்து, நிறுத்தி நிதானமாக, மிக மரியாதையாகக் கேட்டார்: "தங்கச்சி, கரு கலைச்சதா?"

செல்வராணி கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடத் தொடங்கினாள். அவள் அந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "டொக்டர், 'ச்' இல்லை, 'ஞ்'! கலைஞ்சது எண்டால் தானா ஆனது. கலைச்சது எண்டால் பொலிஸ்!" வார்டே திரும்பிப் பார்த்தது. டொக்டருக்கு வியர்த்துவிட்டது. கலைஞ்சது, கலைஞ்சது என்று இரண்டு முறை மனனம் செய்தார். பிறகு அவள் முன்னால் கைகூப்பிச் சொன்னார்: "மன்னிக்க தங்கச்சி, நான் பரீட்சை பெயில்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி ஏறிப் படுத்தாள்.

பின்னேரம்

சுத்தம் செய்து மருந்தும் ஏற்றினார்கள். இரத்தம் நின்றுவிட்டது, இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம், இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்னதை வரி விடாமல் அவளுக்குச் சொன்னேன். பொலிஸ் வராதா என்று ஒருமுறை கேட்டாள். வராது என்றேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்: "அப்ப இனி அழுவலாங்களா மிஸ்? அழுதா நாந்தான் செஞ்சேன்னு நெனச்சுருவாங்கன்னு இத்தன நாளா அடக்கி வச்சிருந்தேன்."

என்ன சொல்கிறாள் என்று நேர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை, செல்வராணியைத் தோளில் சாய்த்து அழவிட்டேன். பேசுவதற்கென்றே கூலி வாங்குகிற நான், வாயைத் திறக்காமல் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.