கோல் கம்பத்தருகே கட்டிய கிடா

எந்த ஆண்டு என்பதில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் ஒன்றாம் வகுப்பு முடித்த கோடை, கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இவை மட்டும் நிச்சயம். ஒரு மங்கிய புகைப்படம் இருக்கிறது. அதன் பின்புறத்தில் யாரும் தேதி எழுதவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு வெள்ளைக் கிடா வளர்ந்தது. எங்கள் சாமியின் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கென்று நேர்ந்துவிட்டது. சாமி கிடா என்றால் சாமி தன்னோடு விளையாட வைத்துக்கொள்ளும் கிடா என்று நினைத்திருந்தேன். அதுவரை அது என்னுடையது. கடலைமிட்டாய் காட்டினால் எங்கும் பின்னால் வரும்.

இறுதி ஆட்டத்துக்கும் வந்தது. மாமா அதைக் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த உடைமரத்தில் கட்டினார். நம்மூர்ப் பையன்களை எதிர்த்து ஆடியவர்கள் ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள். இடைவேளைவரை தோற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது கிடாயைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதன்பின் அவர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் கோப்பை இருந்த மேசையைத் தாண்டி ஓடிவந்து, கயிற்றை அவிழ்த்து, கிடாயைத் தோளுக்குமேல் தூக்கினார்கள். புரியாத மொழியில் ஒரு பாட்டு. மாலை வெயிலில் புழுதி பொன்னாக எழும்ப, அதன்மேல் என் கிடா மிதந்துபோனது. அது பயப்படவில்லை. நான்தான் வீறிட்டேன்.

அவர்கள் ஊரில் ஜெயித்தவர்களுக்கு ஆடுதான் பரிசாம், மைதானத்தோரம் கட்டியிருக்குமாம். அவர்களுடைய கோச் அரைகுறை ஆங்கிலத்தில் மாமாவுக்கு விளக்கினார்.

"சாமிக்கு நேர்ந்தத எவனாவது பந்தயத்துல விடுவானாலே?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா விட்டேன்? ஒம் மவதான் கூட்டியாந்தா. ஜெயிச்சவியகிட்டப் போயி பிடுங்கச் சொல்லுதியாக்கா?"

அவர்களுடைய கேப்டன் என்னைப் பார்த்தான். கிடாயை இறக்கி, கயிற்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். பாட்டு நின்றுபோனது.

மாமாவுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "ஆடிக் கொடைக்கு வாங்க. சாமிக்கு முதல்ல, மிச்சம் பூரா ஒங்களுக்கு!" என்று தமிழிலேயே சொல்லி, சோறு பிசைந்து உண்பதுபோல் கையால் காட்டினார். சிரிப்பு திரும்பியது.

"ஆமா, கறி திங்க ரெண்டு நாள் ரயிலேறி வருவாவளாக்கும்" என்றாள் அம்மா.

வந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் வருகிறார்கள். நம்மூர்ப் பையன்களும் அங்கே போய் ஆடி, ஆடு ஜெயித்து, அங்கேயே தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த மலையில் ஒரு குழந்தைக்கு எங்கள் சாமியின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

புகைப்படம் அந்த முதல் ஆடியில் ரயில் நிலைய வாசலில் எடுத்தது. கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நானே கூட்டிப்போயிருந்தேன். படத்தில் மாமா சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். என் தலைமேல் கைவைத்திருக்கும் கேப்டன் மட்டும் வேறெங்கோ பார்க்கிறான்.

என் கிடாயைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.