மாரிச்செல்வியின் வார்த்தை நோட்டு

கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கண்ணுச்சாமி சீலைப் பார்ப்பார், பிறகு தராசில் வைக்கச் சொல்வார், தராசு ஒழுங்குதானா என்று அறியத் தானும் ஒரு தடவை அதில் ஏறி நிற்பார். மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றும் தங்கபாய், "தண்ணி கலக்கலன்னு சொல்ல மாட்டையே சாட்சிக்குக் கூப்பிடுவாக அவிய" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பாதி நாள் கேட்டில் காவல் டூட்டி. யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார், கையில் என்ன இருந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதி எழுதித்தான் அவருக்கு ஆங்கிலம் வந்தது. நடக்காததை அதில் எழுதினால் தண்டனை. வராத லாரியை வந்ததாக எழுதிய ஒருவனை ஏழு நாள் அடைத்து வைத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் ஆங்கிலத்தில் ஒருவர் கைப்பட எழுதினால் அது நடந்ததாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். உடுப்பு மாறியதே தவிர, ஆள் அதே ஆள்தான்.

மனைவி மாரிச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாதமாக வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டாள், துணி காயப்போட்டாள்.

"என்னட்டி மந்திரம்?" என்றார்.

"இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போறேன். வார்த்தை படிக்கேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை அவர் ஆயுசில் நம்பியதில்லை. மில்லில் கூட வேலை பார்க்கும் பாண்டிதுரையிடம் மெல்ல விசாரித்தார். "இங்கிலீஷ் பரீட்சையா? அது வெளிநாட்டுக்குப் போற நர்சுக எழுதுறதுல்ல அண்ணே" என்று அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டான். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். இவளும் போனால் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். அவருக்கு வந்தது பயம். ஆனால் அதைச் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டார், சந்தேகம் அவருக்குப் பழகின வேலை. அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அவள் அதே வீட்டில் பிள்ளையோடு ஒண்டியாகக் கிடந்தாளே என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கிலீஷ் வகுப்புக்குக் கிளம்பியதும் அடுத்த பஸ்ஸில் ஏறினார். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடையின் மாடியில் வகுப்பு. எதிர்க் கடையில் மூன்று டீ குடித்தார். ஆறு பெண்களும், பாடம் நடத்தும், ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஜெர்வின் சாரும் இறங்கி வந்தார்கள். சார் இவளிடம் மட்டும் அதிகமாகப் பேசவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறானோ?

மறுநாள் சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு நாலு வார்த்தை, சிவப்பு மையில் அடிக்கோடு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அபாண்டன்: ஜூன் முடிவதற்குள் நான் இந்த வீட்டைக் கைவிட்டுப் போகிறேன். டிசீவ்: ஆறு மாதமாக என் கணவரை ஏமாற்றி வருகிறேன். கண்ணுச்சாமி பக்கத்தின் ஓரத்தில் தேதியைத் தேடினார். தேதி போடாததுதான் குறை, மற்றபடி சரியான வாக்குமூலம்.

ஈரத்தலையோடு வந்தவளிடம் நோட்டை நீட்டினார்.

"இது என்ன?"

அவள் வாக்கியத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"வார்த்தைய வெறுமனே உருப்போட்டா நிக்காதுன்னு சார் சொன்னாக. வீட்டு ஆளுகள வச்சு வாக்கியம் எழுதணும், பகீர்னு இருக்கணும், அப்பத்தான் மறக்காதாம். நெசமா இருக்கணும்னு இல்ல. அம்புட்டும் எக்ஸாம்பிள்."

"நடக்காததையா எழுதுவாக?"

"இது என்ன உங்க கேட் ரிஜிஸ்டரா?"

அவருக்கு உயிர் வந்தது. சிரிப்புக்கூட வந்தது. ஏமாற்றவில்லை, போகவில்லை, எல்லாம் கதை. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கன்சிடரேட்: என் கணவர் மற்றவர் மனசறிந்து நடப்பவர். நான் களைத்து வந்தால் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார், சாப்பிட்டாயா என்று கேட்பார்.

இரண்டு தடவை படித்தார்.

"இது?"

மாரிச்செல்வி தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "அதுவும் அப்படித்தான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எம்புட்டு யோசிச்சும் ஒண்ணும் தோணல. பொறவு கற்பனையா எழுதிட்டேன்."

மூன்று மாதம் சுற்றி வளைத்ததெல்லாம் எந்தக் கேள்விக்காகவோ, அதை அவர் அப்போதுதான் கேட்டார்.

"பாஸாயிட்டா போயிருவியா?"

"போகவா வேண்டாமான்னு தெரியாமத்தான் படிச்சேன். உங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு இருந்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரைக் கலக்கியது. "நேத்து எதிர்க் கடையில நின்னீக. இன்னைக்கி எம் பையத் தொறந்திருக்கீக. இனிமே கேக்க என்ன இருக்கு?"

நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். அடுத்த வார்த்தையை எழுதி, அடிக்கோடு போட்டு, கீழே வாக்கியம் எழுதத் தொடங்கினாள். அது என்னவென்று எட்டிப் பார்க்கக் கண்ணுச்சாமிக்குத் தைரியம் வரவில்லை.