பனமலை ஏரியில் இரண்டு முறை குதித்தேன்

கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து காலை ஆறு இருபதுக்குக் கிளம்பியது. செஞ்சிக்கு டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை. என் பையில் முப்பத்தோரு பக்க வரைவு ஒன்று இருந்தது. ஏரி, குளம், அணை போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் உல்லாசப் படகு விடுவதற்கான மாநில விதிகளைப் புதுப்பிக்கும் வரைவு அது.

நான் படகுகளைச் சோதித்துச் சான்று தரும் பொறியாளர். இருபத்து மூன்று வருடமாக இதுதான் வேலை. வரைவை எழுதிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி. ஆபத்தில் மீட்பது பற்றிய பகுதி முழுக்க என்னுடையது. அதில் பதினான்காவது விதி இப்படிப் போகும்: படகு விடும் ஒவ்வொரு நீர்நிலையிலும் இன்ஜின் பொருத்திய மீட்புப் படகு ஒன்று எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அணையில் இரண்டு மாணவர்கள் தண்ணீரில் விழுந்ததைக் கரையில் நின்று பார்த்தேன். துடுப்புப் படகு அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் ஒருவன் மூழ்கிவிட்டான். இன்ஜின் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

திண்டிவனம் தாண்டிய பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வரத் தொடங்கின. யாரோ உருண்டைக் கற்களைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும் குன்றுகள். அவற்றுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் தண்ணீர். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. ஒன்பது ஐம்பதுக்குச் செஞ்சியில் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து ரூபாய்.

பதினொரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து செஞ்சிக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கோட்டை பார்த்தவர்கள் அடுத்து எங்கே என்று கேட்க, சுற்றுப்பட்டு ஏரிகளில் படகுகள் இறங்கிவிட்டன. நாற்பது பேர் வந்திருந்தார்கள். வரைவை நான் வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையிலிருந்த நகலில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"என் பேரு கலையரசி மேடம். பனமலை ஏரில போட்டு வுடறோம். ஒம்போது பொம்பளைங்க சேந்த குழு. இந்தப் பதினாலாவது விதி யார் எழுதனது?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. நீங்க எங்க ஏரியப் பாத்துருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்றேன்.

"எங்ககிட்ட ரெண்டு துடுப்பு போட்டு இருக்குது. வருசத்துல நாலு மாசம், மிஞ்சிப்போனா அஞ்சு மாசம்தான் தண்ணி. இன்ஜின் போட்டு வாங்கணும்னா ரெண்டையும் வித்தாலும் பத்தாது. சரி, உயிர் பெருசு, கடன ஒடன வாங்கி வாங்கிட்டோம்னே வச்சிக்குங்க. அது எங்க ஏரில ஓடாது மேடம். அதான் விசயம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் துரை. பல ஊர்களுக்கு இன்ஜின் படகு வாடகைக்கு விடுகிறவர். "ஏம்மா ஓடாது? தண்ணி இருந்தா ஓடப் போவுது. நான் ஓட்டிக் காட்றேன்."

"நாளைக்கே கொண்டாங்க," என்றார் கலையரசி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் திரும்ப மாலைப் பேருந்தில் இடம் போட்டிருந்தேன். ஆனாலும் வருகிறேன் என்றேன்.

"காத்து கெளம்பறதுக்கு முன்ன வந்துடுங்க. ஏழு மணி."

உண்மையைச் சொல்ல வேண்டும். இன்ஜின்தான் ஜெயிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரில் காட்டிவிட்டால் அந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்வார் என்று நினைத்துத்தான் தங்கினேன். அறைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். மாலை கையில் இருந்ததால் இருபத்தைந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக் கோட்டையின் ஒரு பகுதியான கிருஷ்ணகிரி மலையில் ஏறினேன். மேலே போய் நின்றால் நாலு திசையிலும் ஏரிகள். ஒன்று அரிவாள்போல, ஒன்று கையளவு, ஒன்று பாதிக்கு மேல் மரங்களோடு. பதினேழு வரை எண்ணினேன். நான் இத்தனை வருடம் வேலை பார்த்த மலை ஏரிகளைப் போலவோ அணைகளைப் போலவோ அவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் முதன்முறையாக மனதில் ஏதோ நெருடியது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏழுமலை என்பவரின் ஆட்டோவில் கிளம்பினேன். அனந்தபுரம் வழியாகப் பனமலைக்கு அவர் கணக்கில் இருபத்திரண்டு கிலோமீட்டர். போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய் என்று பேசினோம். பனி இன்னும் விலகவில்லை. கரும்பு வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஓட்டினார்.

"போட்டிங்கா மேடம், இவ்ளோ காலைலயா?"

"வேலை விஷயமா."

"போட்ல இன்னா மேடம் வேல?" என்று சிரித்தார்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏரிக்கரையில் ஏறினோம். கரைக்கு அந்தப் பக்கம் குன்று, அதன்மேல் பல்லவர் காலத்துச் சிவன் கோயில். அடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வலப்பக்கம் ஏரிக்குள்ளேயே கருவேல மரத் தோப்பு, ஆளுயரத் தண்ணீரில். கிளையெல்லாம் நத்தைகுத்தி நாரைகள். கலையரசியோடு குழுவிலிருந்து நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். துரை ஒரு சிறிய லாரியில் படகைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணல் மூட்டையைத் தண்ணீரில் போட்டு யார் முதலில் போய் எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்பது துரையின் யோசனை.

"மூட்ட கத்தாது," என்றார் கலையரசி. "மூட்டைக்குக் கை கால் பதறாது. ஆள இழுத்துப் போட்டு மேல ஏத்தறதுலதான கஷ்டமே இருக்குது?"

சரியான பேச்சு. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டு, நானே விழுகிறேன் என்றேன். துரை, "மேடம், வேணாம் மேடம்," என்று பதறினார். ஏழுமலை கைப்பேசியில் நேரம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்.

முதல் முறை நடு ஏரி. குழுப் பெண் ஒருவர் என்னைத் துடுப்புப் படகில் இருநூறு மீட்டர் உள்ளே கொண்டுபோனார். இன்னொரு துடுப்புப் படகில் கலையரசியும் இன்ஜின் படகில் துரையும் படித்துறையில் தயாராக நின்றார்கள். நான் குதித்துக் கையை உயர்த்தினேன். மார்கழித் தண்ணீர் மூச்சை அடைத்தது. இன்ஜின் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் துரை பக்கத்தில் நின்றார். ஒரே இழுப்பில் என்னை உள்ளே போட்டார். நாற்பத்தைந்து நொடி. கலையரசி வந்து சேர இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆனது. மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். அணைக்கட்டில் மூழ்கியவன் ஞாபகம் வந்தது எனக்கு.

"இங்கே பயணிகளைக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று அவர் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

"வரோம் மேடம். இங்கருந்து பாத்தாத்தான் மலையும் கோயிலும் முழுசாத் தெரியுது. போட்டோ எடுக்கணும்னு கேக்கறாங்க." துடுப்பை உயர்த்திக் கருவேலத் தோப்பைக் காட்டினார். "ஆனா முக்காவாசி பேரு பறவ பாக்கத்தான் வராங்க. அங்கயும் ஒரு தடவ விழுங்க."

கருவேலத் தோப்பு படித்துறையிலிருந்து நூறு மீட்டர். தோப்பின் விளிம்பில் மறுபடி குதித்தேன். என்னைக் கொண்டுவந்த படகு பேசி வைத்தபடி விலகிப் போனது. இந்த முறை உடல் முழுதாகத் தண்ணீருக்குள் போகவில்லை. ஏதோ மெத்தைமேல் விழுந்ததுபோல இருந்தது. வேலம்பாசி. கயிறு கயிறாக, பச்சையாக, இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. உதறினேன். உதற உதற இறுகியது. கீழே ஒரு மூழ்கிய கிளை வலது முழங்காலைக் குத்தியது. ஜாக்கெட் இருக்கிறது, மூழ்க மாட்டேன் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் உடம்பு கேட்கவில்லை. நான் கத்தினேன். சோதனைக்காகக் கத்தவில்லை.

இன்ஜின் உறுமிக்கொண்டு வந்தது. முப்பது மீட்டர் தூரத்தில் இருமியது. பிறகு நின்றேவிட்டது. துரை இன்ஜினைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. அடியில் சுற்றும் விசிறியில் பாசி பந்துபோல உருண்டிருந்தது.

அவரைத் தாண்டிக் கலையரசி வந்தார். துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு, எழுந்து நின்று, ஒரு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளினார். படகு பாசிமேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"கால ஒதைக்காதீங்க!" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "ஒதைச்சா இன்னும் சுத்தும். சும்மா மல்லாக்கப் படுங்க. வந்துட்டேன், வந்துட்டேன்."

காலை நிறுத்தினேன். பாசி உடனே தளர்ந்தது. கழியை என் பக்கம் நீட்டி இழுத்து, படகின் பின்பக்கமாக என்னை ஏற்றினார். பக்கவாட்டில் ஏற்றினால் படகு சாயும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடம் முப்பத்தைந்து நொடி என்று ஏழுமலை கரையிலிருந்து கத்தினார். துரை ஆறாவது நிமிடத்திலும் கத்தியால் பாசியை அறுத்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். "ஒத்துக்கறேன் மேடம். இவ்ளோ பாசி இருக்கும்னு நெனைக்கல. நான்பாட்டுக்கு இவங்க தலைல ஒரு இன்ஜின கட்டியிருப்பேன்."

"நீங்க கட்டறதுக்கு முன்னாடி நான்தான் கட்டினேன்," என்றேன்.

குழுப் பெண் ஒருவர் தந்த புடவையை மாற்றிக்கொண்டு, பிளாஸ்கில் வந்த டீயோடு ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஈரமான விரல்களால் வரைவைத் திறந்து, 'இன்ஜின் பொருத்திய' என்ற சொற்களை அடித்தேன். எந்தப் படகு என்பது ஏரியைப் பொறுத்தது. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் எந்த ஏரிக்கும் ஒன்றுதான். படகு விடும் பரப்பில் யார் எங்கே விழுந்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் மீட்பவர் அவரிடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

கலையரசி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்படின்னா நடு ஏரிக்கு நாங்க போவக் கூடாது."

"போகலாம். ஒரு படகை நடுவிலேயே நிறுத்தி வைக்கணும்."

"இருக்கறதே ரெண்டு." அவர் தண்ணீரைப் பார்த்தார். "வேணாம். மிதவ கட்டிக் கயிறு போட்டு அதுக்கு முன்னயே நிறுத்திடறோம்."

"இன்னாக்கா சொல்ற?" என்றார் பக்கத்திலிருந்த பெண். "போட்டோ எடுக்கத் தோதா அங்கதான இருக்குது? பாதிப் பேரு வர மாட்டாங்க."

"வரலன்னா வரல. இப்பத்தான பாத்த, நான் போய்ச் சேர எவ்ளோ நேரமாச்சின்னு?" கலையரசி கையை நீட்டிக் காட்டினார்: "அந்த வடக்குக் கரைல நின்னா மலை முழுசாத் தெரியுது. அங்க எறக்கி வுட்டுப் போட்டோ எடுக்க வைப்போம்."

எட்டே முக்காலுக்குக் காற்று கிளம்பியது. அவர் சொன்னபடியே தண்ணீர் முழுக்க அலை எழுந்தது. ஒன்பது மணிக்கு முதல் பயணிகள் வந்தார்கள், பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். கலையரசி ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட்டைத் தானே பூட்டி, இழுத்துப் பார்த்தார். "வுழ மாட்டீங்க. வுழுந்தா கால ஒதைக்கக் கூடாது, மல்லாக்கப் படுக்கணும், நாங்க வருவோம்," என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். நான் கையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

செஞ்சியில் பதினொன்று இருபதுக்குப் பேருந்து. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முழங்கால் காயத்துக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். வேளச்சேரியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்தும் ஒரு ஏரி தெரியும். பதினாறு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். அதில் எங்கே ஆழம், எங்கே பாசி, எத்தனை மணிக்குக் காற்று கிளம்பும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. படகு நூலில் படித்ததையெல்லாம் ஒரு தட்டிலும், ஒரு ஏரியைத் தெரிந்த ஒருத்தரை மறு தட்டிலும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. என் விதி தோற்றுப்போனதில் ஏனோ வருத்தமே வரவில்லை. முன்னைவிட நல்ல விதி ஒன்று பையில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் வரைவுக் குழு கூடியது. புதிய பதினான்காவது விதியை வாசித்தேன். மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டு நிமிடம் என்று எழுதுவது சுலபம். ஒவ்வொரு ஏரியிலும் யாரம்மா தண்ணீரில் இறங்கி அதை அளப்பது?"

"சான்றில் கையெழுத்துப் போடுகிறவர்," என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே விதியின் கடைசி வரியாக எழுதினார். பிறகு, குழுவில் யார் யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டார்.