தயவு கேட்கும் சங்கு

குளியலறைக் கண்ணாடியிடம் அவர் வழி கேட்டுக்கொண்டிருக்கிறார். "மி ஸ்கூஸி, சிஞோரா, பெர் ஃபவோரே..." மன்னியுங்கள் அம்மா, தயவுசெய்து என்று பொருள். குரலைக் கேட்டால் அப்படித் தெரியாது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றுவிட்டது.

நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். இயந்திர இரைச்சலை அடக்கிப் பழகிய தொண்டை. ஆட்கள் 'சங்கு' என்று பெயர் வைத்தார்கள். ஆள் ஓய்வு பெற்றுவிட்டார், தொண்டை இன்னும் பெறவில்லை. எடு, வை, தள்ளு: அவருடைய தமிழ் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடும்.

இத்தாலியில் குடியேறிவிட்ட மகள், ஆறு மாதம் வந்து இருங்கள் என்கிறாள். "இங்க கத்தி வேலை வாங்க முடியாதுப்பா. உதவி வேணும்னா பணிவாக் கேக்கணும். கடைசியில குரல் லேசா ஏறணும்" என்று போனில் பாடமும் நடத்துகிறாள். ஒத்திகைக்கு வீட்டம்மாள். இவர் கேட்பார், அவள் பதில் சொல்ல வேண்டும்.

"பொத்ரெப்பே ஆயுத்தார்மி, சிஞோரா?"

"உதவி கேக்குறீங்களா, மெமோ குடுக்குறீங்களா? அதென்ன சிஞோரா?"

"மரியாதையாக் கூப்பிடறது."

"அட. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு 'இந்தா'ன்னுல்ல பேரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று அவருக்கு அடுத்த பாடம் ஏறவில்லை. அந்த 'இந்தா'வுக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த கால்களை இப்போது நினைத்துப் பார்ப்பது, ஷிப்ட் முடிந்து ஆலையைப் பூட்டிய பிறகு வருகைப்பதிவு எடுப்பதைப் போல என்று அவருக்கே புரிந்தது.

மாலைக்குள் மகள் டிக்கெட் போட வேண்டும். ஒன்றா, இரண்டா? அம்மாள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயும் கெளம்பு."

"உத்தரவா? போன வருஷம்தான் அவ வந்து இருந்துட்டுப் போனாளே. நீங்க போய்ட்டு வாங்க. கொஞ்ச நாள் யாரும் கூப்பிடாம இருந்து பாக்கறேன்."

கெஞ்சத்தான் வாயைத் திறந்தார். தமிழில் காற்றுதான் வந்தது. பிறகு, ஆலையில் ஒருவரும் கேட்டிராத தணிந்த குரலில், "பொத்ரெப்பே வெனிரே கோன் மே, சிஞோரா?" என்றார். என்னோடு வர முடியுமா அம்மா? மகள் சொல்லிச் சொல்லிச் சலித்த இடத்தில் குரல் தானாகவே ஏறியது.

மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தாள். ஒத்திகையில் பதில் சொல்லும் பக்கமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"மி திஸ்பியாச்சே" என்றாள். வருந்துகிறேன். அதையும் பணிவாகத்தான் சொன்னாள். "ஒண்ணு போதும்னு அவகிட்ட சொல்லிடுங்க."

பெட்டியைப் பூட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். அவர் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கையை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டிச் சாவியை அதில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.