நைனா மாற்றிச் சொன்ன தோணிக் கதை

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றுபோனவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் நிற்பேன். பேர்கள் எல்லாம் மறந்துபோகின்றன. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கனடாவில் நர்ஸ் வேலை பார்க்கிற என் மகள் கொஞ்ச நாளைக்கு முன்னால் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். தூறலில் ஒரு கடற்கரை. நீளமான மரத்தோணி ஒன்று கரைக்கு வருகிறது. சிவப்பும் கறுப்புமாகத் துணி போர்த்தியவர்கள் துடுப்பை ஒன்றுபோலத் தூக்கி நிறுத்திப் பாடுகிறார்கள். "அம்மா, இவங்க ஹைடான்னு ஒரு ஜனம். இங்க மேற்குப் பக்கம் தீவுல கீறாங்க. ஒரு காலத்துல கடல்லயே பெரிய சண்டைக்காரங்களாம்" என்று கூடவே பேசி அனுப்பியிருந்தாள். எனக்குத் தெரியும் என்று பதில் போட்டேன். அவள் நம்பவில்லை. சித்தூர், திருப்பதி தாண்டாதவளுக்கு இது எப்படித் தெரியும் என்று சிரித்தாள். எனக்குப் போனில் நீட்டிப் பேச வராது, கூச்சமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. வடமாலபேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் என் நைனா, அதாவது அப்பா, சபைக்கு உபதேசியார். பள்ளிக்கூடத்துக்கும் அவரே வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலாக இருக்கிற அதே ஓட்டுக் கட்டடம்தான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நாங்கள் குடியிருந்ததும் மிஷன் வீடு. பிள்ளைகள் குறைச்சலாக இருக்கிற பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பிறகு மிஷன் துரைமார் இருக்கிற சித்தூர் பங்களாவிலிருந்து ஆள் வந்தார். கனடாவிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார், பங்களா துரைசானியும் அவரும் நேரில் பார்ப்பார்கள், பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஸ்கூல மூடிட்டா வூட்டயும் காலி பண்ணணும். இத்தினி புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போய் நிக்கிறது?" என்று அம்மா கேட்டாள். நைனா சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்.

என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் நைனாவை விட்டால் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடலைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறவரும் அவர் ஒருவர்தான். தடாப் பக்கம் பார்த்தேன் என்பார். அவர் பார்த்தது ஏரி என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் குறைவாக இருப்பதுதானே குறை என்று அவர் பக்கத்து ஊருக்குப் போய், ஆடு மேய்க்கிறவர்களின் பிள்ளைகளை முறுக்குக் காட்டிக் கூட்டிவந்து வகுப்பை நிரப்பினார். எல்லாம் தெலுங்குப் பிள்ளைகள். பேர் கேட்டால் பேரைச் சொல்லுங்கள், வேறு என்ன கேட்டாலும் சிரியுங்கள் என்று அவர்களுக்குத் தெலுங்கில் சொல்லிவைத்தார். நைனா முகத்தைச் சுளித்தார், ஆனால் திருப்பி அனுப்பவில்லை.

அவர்கள் வந்த அன்று பூமாலை போடுகிற வேலை எனக்கு. ஜீப் வந்து நின்றது. முதலில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் இறங்கினார், பின்னால் பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு இன்னொருவர். அவர் எங்கள் நிறம். கறுத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், அகன்ற முகம், முழங்காலுக்குக் கீழே கவுன். குப்பம் பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கும் என்று நினைத்து, வெள்ளையாக இருந்தவர் கழுத்தில் மாலையைப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி மற்றவர் கழுத்தில் போட்டார். வெள்ளைக்காரர்தான் பங்களா துரைசானி. கனடா அம்மா, பை தூக்கி வந்தவர்.

"இன்னா இது, கனடாக்காரி நம்ம சித்தி மாதிரி கீது?" என்றார் மாமா.

"வாய மூடு, காதுல வுழப் போவுது" என்றாள் அம்மா.

எல்லோரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்த அம்மா முன்னால் நின்று தன் ஜனத்தைப் பற்றிச் சொன்னார். வெளியூரிலிருந்து பேசுகிறவர்கள் வந்தால் வழக்கம் ஒன்றுதான். அவர்கள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார்கள், பக்கத்தில் நிற்கிற உபதேசியார் தமிழில் சொல்லுவார். நைனாவுக்கு இது பிடித்த வேலை. அந்த நேரத்தில் மட்டும் அவர் தமிழ் வேதாகமத் தமிழாகிவிடும்.

தன் ஜனத்துக்கு ஹைடா என்று பேர் என்றார் அந்த அம்மா. அவர்கள் இருப்பது கடலுக்குள்ளே தீவு. வருஷம் முழுக்க மழை. மரங்கள் ஒவ்வொன்றும் நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அப்படி ஒரு மரத்தைச் சாய்த்து, ஒரே மரத்தில் தோணி குடைவார்களாம். குடைந்த பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போட்டு, ஆவியில் மரம் இளகும்போது இரண்டு பக்கத்தையும் அகட்டி விரிப்பார்களாம். "வெந்நீரினாலே மரத்தை வளைத்தார்கள்" என்றார் நைனா. அக்கரை ஜனங்கள் அந்தத் தோணியை வாங்கக் காத்துக்கிடப்பார்களாம்.

எங்கள் கோயிலில் மணி அடிக்கிற தாத்தா ஒருவர் இருந்தார். மணி என்றால் வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அம்மை வந்து ஒரு கண் போனவர். பிரசங்கத்துக்கு நடுவில் கேள்வி கேட்பது அவர் பழக்கம், நைனா எத்தனை தரம் சொன்னாலும் விடமாட்டார்.

"ஒரு தோணியில எத்தினி பேரு ஏறலாம், கேளுப்பா."

நைனா கேட்டுச் சொன்னார். "நம்ம சபை மொத்தமும் ஏறலாமாம்."

"காணிக்கை போடாதவங்கள வழியில எறக்கி வுட்டுடலாம்" என்றார் மாமா. ஆண்கள் பக்கம் சிரிப்பு.

அந்த அம்மாவும் சிரித்தார். அப்புறம் அவர் கைகள் வேறு மாதிரி பேச ஆரம்பித்தன. தலைக்கு மேலே இரண்டு கையாலும் குடம்போலக் காட்டினார், அது மரத்தில் செய்த தலைக்கவசம். மார்பில் தட்டிக் காட்டினார், அது கடல்மிருகத்தின் கெட்டியான தோலில் செய்த சட்டை. துடுப்புப் போட்டுக் காட்டினார். அந்தத் தோணிகள் தெற்கே வருகிறதைப் பார்த்தால் கரையோர ஊர்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார்களாம். "இவர்கள் முற்பிதாக்கள் சமுத்திரத்தின்மேல் பராக்கிரமசாலிகளாயிருந்தார்கள்" என்றார் நைனா. பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

அப்போது அந்த அம்மா இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் குறுக்கே வைத்தார், கயிறு போட்டுக் கட்டியதுபோல. தலையைக் குனிந்தார். ஏதோ சொல்லிவிட்டு நைனாவைப் பார்த்தார்.

நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்படிப் போன இடங்களிலிருந்து அநேகரை அழைத்துவந்து, தங்கள் வீடுகளிலேயே தங்கப்பண்ணினார்கள்" என்றார்.

"நல்ல ஜனங்க. வந்தவங்களுக்கு எடம் குடுத்துக்கிறாங்க பாரு" என்றார் தாத்தா. பெண்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். தெலுங்குப் பிள்ளைகள் சொல்லிவைத்தபடி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. இன்னொரு தரம் மணிக்கட்டைச் சேர்த்துக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நைனா வாயைத் திறக்கவில்லை. கட்டுவது என்றால் என்ன என்று எனக்கே தெரிந்தது, இங்கிலீஷ் படித்த நைனாவுக்குத் தெரியாமல் போகுமா?

பங்களா துரைசானிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "உபதேசியாரே, அவர்கள் சொன்னது அது அல்ல. உள்ளபடி சொல்லும்."

அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

நைனா துரைசானியைப் பார்க்கவில்லை. மணி அடிக்கிற தாத்தாவைப் பார்த்தார். நடுவில் பேசியதற்காகக் கோபமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"சொல்லுப்பா. கேட்டுக்கினுதான் கீறோம்" என்றார் தாத்தா.

நைனா சொன்னார். வேதாகமத் தமிழ் காணாமல் போயிருந்தது. "சண்டையில புடிச்ச ஜனங்களக் கட்டிக்கினு வந்து அடிமையா வெச்சிருந்தாங்களாம். வித்தாங்களாம், வாங்கினாங்களாம்."

"அவங்க புள்ளைங்க?"

நைனா இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார். "அவங்களும் அப்படியேதானாம்."

"இப்ப?"

"இப்ப இல்லையாம். ஆனா யாரோட பாட்டி அப்படி வந்தவன்னு ஊருக்கே தெரியுமாம். வாய் வுட்டுச் சொல்ல மாட்டாங்களாம்."

தாத்தா ஒற்றைக் கண்ணால் அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "நான் பெரிய வூட்டுப் படியாளு. எங்க அப்பனும் படியாளு. கூழு ஊத்துவாங்க, துன்னுட்டு வேலை செய்யணும். ஊர வுட்டுப் போவ முடியாது. இதச் சொல்லு அந்தம்மாவுக்கு. இங்க பாதி சனம் அப்படி இருந்தவங்கதான்னு சொல்லு."

நைனா அதை இங்கிலீஷில் சொன்னார். நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது.

அந்த அம்மா முன்னாலிருந்து இறங்கிவந்து தாத்தாவுக்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எங்கள் யாரையும் பார்த்துப் பேசவில்லை, தாத்தாவைப் பார்த்துத்தான் பேசினார். தன் அம்மாவைச் சின்ன வயதில் முதுகில் கட்டித் தூக்கி வளர்த்தவள் அப்படி வந்த ஒருத்தியாம். விடுதலை ஆன பிறகும் அந்த வீட்டிலேயே கிடந்தாளாம். எந்தக் கரையிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று அவளுக்கே தெரியாதாம், தெரியாமலே செத்துப்போனாளாம்.

"எனக்கு எங்க ஊரு பேரு தெரியும். அந்த வரைக்கும் பரவால்ல" என்றார் தாத்தா.

அப்புறம் அம்மை வந்ததைச் சொன்னார் அந்த அம்மா. கப்பலில் வந்த நோயாம். ஊர் ஊராக வீடுகள் மட்டும் நின்றன, துடுப்புப் போட ஆள் இல்லாமல் தோணிகள் கரையிலேயே மக்கிப்போயின என்றார். நைனா இதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். இதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் பக்கத்தில் அம்மைத் தழும்பு இல்லாத முகங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. தாத்தா தன் போன கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

போகும்போது ஜீப் பக்கத்தில் நின்று அந்த அம்மா துரைசானியிடம் ஏதோ அழுத்திச் சொன்னார். பை வைக்கப் போன மாமா கேட்டுவிட்டு வந்தார். "அந்த ஆளை இங்கேருந்து மாத்தாதீங்கன்னு சொல்லுச்சு." அம்மா நம்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. நான் அங்கேயே ஐந்தாவது வரை முடித்தேன். அதற்குப் பிறகுதான் மூடினார்கள்.

பள்ளிக்கூடம் தப்பியதே தவிர எனக்கு நைனாமேல் கோபம் போகவில்லை. பொய் சொன்னால் எங்களை முட்டிக்கால் போட வைக்கிறவர், கோயிலுக்குள் நின்று பொய் சொன்னாரே. அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன். "தப்புதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்கார துரைசானிக்கு முன்னால் நல்ல பேர் எடுக்க மாற்றிச் சொன்னார், மாட்டிக்கொண்டார் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனாவை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது மாமா சொன்னார். நைனா பிறந்தது அந்தப் பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையில். படியாள் பிள்ளையாக அங்கேயே சாணி வாரிக்கொண்டிருந்தவர். மணி அடிக்கிற தாத்தாதான் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்ச் சித்தூர் மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டு வந்தாராம். "திரும்பி வந்த கெழவன அவங்க என்ன பண்ணாங்கன்னு உங்க நைனா கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லல" என்றார் மாமா. அடிமை என்கிற வார்த்தையை அந்த மனிதர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் நைனாவுக்கு அன்று வாய் வரவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. அவர் பார்த்த பார்வையைக் கோபம் என்றே வைத்திருந்தேன்.

ஹைடா ஜனங்களைப் பற்றி நான் எழுதியது ஒரு தரம் காதால் கேட்டது, அதுவும் மொழிபெயர்த்துக் கேட்டது. தோணியில் வெந்நீர் ஊற்றுவது, தோல் சட்டை, மரத் தலைக்கவசம் இதெல்லாம் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தவேண்டும். மகளையும் அங்கே யாரையாவது கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். தாத்தா திரும்பி வந்த பிறகு நடந்ததும் எனக்குத் தெரியாது. வடமாலபேட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.