நல்லாத்தானே நடக்கிற!

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். அது மறுபடி தாக்காமலிருக்க மாதாமாதம் விலை அதிகமான ஊசி போட்டு வந்தேன். எங்கள் கூட்டுக் குடும்பத்தின் கரும்புப் பணம் கணவரின் அண்ணன் கையில். பொங்கலன்று நான் கோலம் போட்டதைப் பார்த்தவர், "நல்லாத்தானம்மா நடந்துக்கினு இருக்க, இன்னாத்துக்கு ஊசி?" என்றார். ஊசி நின்றது.

ஆடியில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கால் மரத்து விழுந்தேன். ஒரு கண்ணும் மங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஊசிய ஏம்மா வுட்ட?" என்று கேட்டதும் அதே வாய்தான்.

டாக்டர் இப்போது விலை குறைந்த மருந்துக்கு மாற்றியிருக்கிறார். அதற்கும் கணவரின் அண்ணனிடம்தான் பணம் கேட்க வேண்டும். கேட்கப் போகும் அன்று மட்டும், கால் நன்றாக இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டே போகிறேன். நன்றாக நடந்து காட்டியது ஒரு தடவை போதும்.