நாலாவது தடவை கேட்டபோது

1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மழை தொடங்கிவிட்ட ஒரு சனிக்கிழமை. நாங்கள் அப்போது திருவனந்தபுரம் கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. வீட்டில் நான், கணவர், மாமனார் மூன்று பேர்தான். மாமனார் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார்.

அன்று பகல் பதினொரு மணிக்கு எங்கள் பகுதி மாதர் சங்கத்தில் நான் பேசுவதாக இருந்தது. தலைப்பு, 'முதுமையும் மூளையும்'. இரண்டு நாளாக உட்கார்ந்து குறிப்பு எடுத்திருந்தேன். அழைத்துப்போக சங்கத்துப் பெண்கள் இருவர் காரில் வந்திருந்தார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டே அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் உள்ளேயிருந்து வந்தார். மலையாள வழக்கில் மகளே என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"மோளே, இன்னிக்கு என்ன கிழமை?"

காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் சொல்லியிருந்தேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். குளித்தவர் மறுபடி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவார். கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வருவார். என்னைச் சீண்டுவதற்காகத்தான் இதையெல்லாம் செய்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"எத்தனை தடவைதான் கேட்பீங்க மாமா? வேணும்னே செய்யறீங்களா? ஆளுங்க வந்திருக்கிற நேரத்துல நடிக்காதீங்க!"

குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. வந்திருந்த பெண்கள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். "நான் சும்மா கேட்டதாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கிழமையைச் சொல்லாமலேயே நான் காரில் ஏறினேன்.

கூட்டத்தில் நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உடம்பின் செல்களுக்கும் வயதாகும், தோல் செல்களைப் போல மூளையின் நரம்புச் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை, அவை நலியும்போது முதலில் கையைவிட்டுப் போவது புதிய நினைவுகள்தான் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். ஒரு பெண் எழுந்து, "இதை வீட்ல நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது டீச்சர்?" என்று கேட்டார். "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாங்க. அப்போ நாம கோபப்படக் கூடாது" என்று புன்னகையோடு பதில் சொன்னேன். கை தட்டினார்கள். காரில் அழைத்து வந்த இருவரும் தட்டவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் ஏன் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினால் கதவு திறந்து கிடந்தது. மாமனாரைக் காணவில்லை. அவர் வழக்கமாகப் போகும் பழவங்காடி கணபதி கோயிலுக்கு ஆட்டோவில் ஓடினேன். தேங்காய்க் கடைக்காரர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர் எல்லாரிடமும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. கணவர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து போலீஸில் எழுதிக் கொடுத்தார். காலையில் என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது, "ஒண்ணும் நடக்கலையே" என்றேன். அந்தப் பொய்யும் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

ஐந்தரை மணிக்கு போன் அடித்தது. போனக்காட்டுக்குப் போகும் வழியிலுள்ள விதுரையிலிருந்து ஒரு டெலிபோன் பூத்துக்காரர். "இவிட ஒரு அப்பூப்பன் உண்டு. போக்கெட்டில் இந்த நம்பராணு" என்றார். பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார், சட்டைப்பையில் எங்கள் நம்பர் இருக்கிறது என்று புரிந்ததும் இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். டாக்ஸி பிடித்துப் போனோம்.

பஸ் நிற்கும் இடத்தில், மூடிய கடையின் படியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மடியில் சந்தைப் பையோடு. போனக்காட்டில் தேயிலை பறிப்பவர். மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கி, டூட்டிக்கு நேரமாகிவிட்டது, எஸ்டேட் பஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாராம். பேச்சைக் கேட்டதுமே அந்த அம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவரை உட்காரவைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பார்த்து பூத்துக்காரரைப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். இதற்குள் அந்த அம்மாள் வீட்டுக்குப் போக வேண்டிய கடைசி பஸ் போய்விட்டது.

"பாதகமில்லம்மா. எங்கக்கா வீடு இங்கதான். ஐயாவைத் திட்டிராதீங்க" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமனார் அவரிடம், "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அவர் சொன்னார். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார். அந்த அம்மாளும் அதே முகத்தோடு மறுபடி சொன்னார்.

"உங்களைப் பார்த்ததுல இருந்தே இப்படித்தான் கேட்கிறாரா? உங்களுக்கு அலுக்கலையா?" என்றேன்.

"நமக்குத்தான் பத்தாவது தடவை. அவருக்கு மொத தடவைதானேம்மா" என்றார் அந்த அம்மாள். எனக்குப் புத்தி சொல்வதாகக்கூட அவர் நினைக்கவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மாமனாரின் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார்.

திரும்பும் வழியில் மாமனார் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பூத்துக்காரர் கொடுத்த சீட்டை டாக்ஸி விளக்கில் பிரித்துப் பார்த்தேன். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கின் அழகான கையெழுத்து. மேலே எங்கள் போன் நம்பர். கீழே வரிசையாக, 'குளித்த பின் துண்டை வெயிலில் போட வேண்டும். ஈரமாயிருந்தால் குளித்தாயிற்று.' 'கேட்டைச் சாத்த வேண்டும்.' 'மருமகளிடம் கிழமை கேட்கக் கூடாது. பேப்பரில் பார்க்கவும்.'

தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. எத்தனை மாதமாக அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாரோ! தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், எனக்குத் தொந்தரவு இல்லாமல் சமாளிக்கப் பார்த்திருக்கிறார். அன்று காலை சீட்டைப் பார்க்கவும் மறந்துவிட்டார், அவ்வளவுதான். அதைத்தான் நான் நடிப்பு என்றேன்.

மறுநாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. டாக்டரிடம் அழைத்துப்போனோம். அதன் பிறகு நான்கு வருஷம் மாமனார் எங்களோடு இருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம், எத்தனை தடவையானாலும், பதில் சொன்னேன். எப்போதும் பொறுமையோடு சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நாட்களும் உண்டு.

மன்னிப்புக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. நாளை, நாளை என்று ஒரு வருஷத்தைத் தள்ளினேன். ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். "மாமா, அன்னிக்கு அவங்க முன்னாடி உங்களை அப்படிப் பேசினது தப்பு" என்றேன். அவர் பதறிப்போனார். "எதுக்கு மோளே கரையறே? நீ என்னை ஒண்ணும் சொல்லலையே" என்று என் கண்ணைத் துடைத்தார். அவர் மனதிலிருந்து அந்தக் காலை முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. மன்னிக்க வேண்டியவருக்கு நினைவில்லாமல் போன அந்தத் தப்பை, இத்தனை வருஷமாக நான் ஒருத்தி மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.